எந்தப் பொசிஷன், எப்படி ஆடுவது? கால்பந்து ஆடுபவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஞாயிற்றுக்கிழமை காலை ஆட்டம் முடிந்து பூட்ஸ் கழற்றும் நேரத்தில் வருகிற கேள்விகள் இவை. பேக் (பின்வரிசை), ஹாஃப் (நடுவரிசை), விங் (ஓரம்) என்று மாறி மாறி ஆடியிருக்கிறேன். ஆள் குறைந்த நாட்களில் கீப்பராகவும் நின்றிருக்கிறேன். இப்போது பையன்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். பதில்கள் எல்லாம் 11 பேர் ஆடும் பெரிய மைதானத்துக்கு. சின்ன செயற்கைப் புல் மைதானத்தில் ஆடும் டர்ஃப் ஆட்டத்துக்கு அடியில் தனியாக ஒரு பதில் இருக்கிறது.

எனக்கு எந்தப் பொசிஷன் சரிவரும்?

உயரத்தை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். 2006 உலகக் கோப்பையைத் தூக்கிய இத்தாலி கேப்டன் ஃபாபியோ கன்னவாரோ ஒரு ஸ்டாப்பர், அதாவது நடு பேக். உயரம் 1.76 மீட்டர்தான். அதே வருடம் சிறந்த வீரருக்கான பாலோன் தோர் விருதும் அவருக்குத்தான் கிடைத்தது. 2014-ல் கோப்பையைத் தூக்கிய ஜெர்மனி கேப்டன் பிலிப் லாம் அதைவிடக் குட்டை, 1.70 மீட்டர். இந்த உயரத்தோடு நம் ஊர் செலக்‌ஷனுக்குப் போய் "நான் பேக்" என்று சொன்னால், "விங்குக்குப் போ தம்பி" என்பார்கள்.

ஒரு சின்னக் கணக்கு. ஆட்டம் 90 நிமிடம், ஆடுபவர்கள் 22 பேர். பந்தைச் சமமாகப் பங்கு போட்டால் ஆளுக்கு நாலு நிமிடம். பந்து வெளியே கிடக்கும் நேரம், காற்றில் பறக்கும் நேரம், ஃப்ரீ கிக்குக்குச் சுவர் கட்டும் நேரம் எல்லாம் போனால் அதிலும் பாதிதான் மிஞ்சும். மீதி நேரமெல்லாம் பந்து இல்லாமல்தான் ஆடுகிறீர்கள். அந்த நேரத்தில் உங்கள் கண் எங்கே போகிறது? தனக்குப் பின்னால் யார் ஓடுகிறான் என்றே ஒருவனுக்குக் கவலை என்றால் அவன் பேக். "இவனுக்கு எங்கே பந்து வேண்டும்" என்று யோசிக்கிறவன் மிட்ஃபீல்டு. காலியாக இருக்கும் இடம் மட்டுமே கண்ணில் படுகிறவன் ஃபார்வர்டு. நான் இதைப் பார்த்துத்தான் ஆளை நிறுத்துவேன். ஓட்டம், ஷாட் எல்லாம் பழகினால் வரும். பார்வையை மாற்றத்தான் நாளாகிறது.

கீப்பர் கோல் கோட்டிலேயே நிற்க வேண்டுமா, முன்னே வர வேண்டுமா?

இதைச் சொல்லிப் புரியவைப்பதைவிட ஒரு கயிற்றை வைத்துக் காட்டுவது சுலபம். நீளமான கயிறு ஒன்றை எடுத்து, இரண்டு நுனிகளையும் இரண்டு கோல் கம்பங்களின் அடியில் கட்டுங்கள். நடுப்பகுதியை இழுத்துவந்து பந்து இருக்கும் இடத்தில் ஒருவர் பிடித்துக்கொள்ளட்டும். தரையில் ஒரு முக்கோணம் கிடைக்கும். நேராகக் கோலுக்குள் போகிற எந்த ஷாட்டும் அந்த முக்கோணத்துக்குள்தான் வந்தாக வேண்டும்.

இப்போது கீப்பரைக் கோட்டில் நிறுத்திக் கையை விரிக்கச் சொல்லுங்கள். கோலின் அகலம் 7.32 மீட்டர். இரண்டு பக்கக் கயிறும் எட்டாத தூரத்தில் இருக்கும். நாலு அடி முன்னே வரச் சொல்லுங்கள், கயிறு கிட்டே வரும். இன்னும் நாலு அடி வந்தால் ஒரு பாய்ச்சலில் தொட்டுவிடலாம். அப்படியானால் ஓடி வந்துகொண்டே இருக்கலாமா? கூடாது. கயிறு தரையில் இருக்கிறது, கிராஸ்பார் 2.44 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ரொம்ப முன்னே வந்தால் தலைக்கு மேல் தூக்கிப் போட்டுவிடுவான். பந்தைப் பக்கவாட்டுக்கு மாற்றி இதையே திரும்பச் செய்யுங்கள். பந்து கார்னர் பக்கம் போகப் போக முக்கோணம் எப்படி ஒடுங்குகிறது, பந்துக்குப் பக்கத்தில் உள்ள கம்பமான ஃபர்ஸ்ட் போஸ்ட்டை ஏன் விடக் கூடாது என்பது பத்து நிமிடத்தில் பிடிபடும்.

இன்னொரு விஷயம். அடிக்கிறவன் காலை ஓங்கும் நொடியில் நீங்கள் நகர்ந்துகொண்டிருக்கக் கூடாது. சரியான இடத்துக்கு இன்னும் ஒரு அடி பாக்கி இருந்தாலும் பரவாயில்லை, நின்றுவிடுங்கள். முட்டி லேசாக மடங்கி, எடை முன்பாதத்தில் இருக்கட்டும். ஓட்டத்தில் இருக்கும் கீப்பரால் எதிர்ப்பக்கம் பாய முடியாது.

கீப்பருக்கு விதிகள் என்னென்ன மாறியிருக்கின்றன?

சொந்த டீம் ஆள் வேண்டுமென்றே காலால் கொடுத்த பந்தைக் கையால் எடுக்கக் கூடாது. இது 1992-ல் வந்தது, அதனால்தான் இன்றைய கீப்பருக்குக் காலும் வேண்டியிருக்கிறது. சொந்த ஆள் த்ரோ போட்ட பந்துக்கும் இதே கதைதான். தலையாலோ நெஞ்சாலோ கொடுத்தால் எடுக்கலாம்.

புதியது 2025-ல் வந்தது. பந்தைக் கையில் 8 வினாடிக்கு மேல் வைத்திருந்தால் எதிரணிக்குக் கார்னர். முன்பு 6 வினாடி, மீறினால் இன்டைரக்ட் ஃப்ரீ கிக் என்று இருந்தது. அதை ஊதிய ரெஃப்ரியை நான் என் வாழ்நாளில் பார்த்ததில்லை.

ஸ்டாப்பர் ஆடுகிறேன். ஒவ்வொரு முறையும் என்னை ஏமாற்றித் தாண்டிப் போய்விடுகிறான். என்ன செய்ய?

பெரும்பாலும் நீங்கள் அவசரப்படுகிறீர்கள், அவ்வளவுதான். பந்தைப் பிடுங்குவது ஸ்டாப்பரின் இரண்டாவது வேலை. ஆளைத் தாமதப்படுத்துவதுதான் முதல் வேலை. எனக்கு இது தெரியாத வயதில், பெனால்டி பாக்ஸ் ஓரத்தில் எதிராளி பந்தைத் தள்ளிய மாத்திரத்தில் சறுக்கிப் பாய்ந்தேன். அவன் பந்தை நிறுத்தினான். நான் நிற்கவில்லை. அரைஇறுதி அந்தப் பெனால்டியில் போனது. அன்றைக்கு வீடுவரை யாரும் என்னோடு பேசவில்லை.

செய்ய வேண்டியது இது. அவனுக்கு நேராக மார்பைக் காட்டி நிற்காமல் ஒரு கால் முன்னே, ஒரு கால் பின்னே வைத்து லேசாகச் சாய்வாக நில்லுங்கள். உங்கள் மார்பு எந்தப் பக்கம் திறந்திருக்கிறதோ அந்தப் பக்கம்தான் அவன் போவான். அது வெளிக்கோட்டுப் பக்கமாக இருக்கட்டும். இடைவெளி ஒரு கை நீளம், அல்லது அதைவிடக் கொஞ்சம் கூட. கண் பந்தின் மேல் இருக்கட்டும். தோளைக் குலுக்குவான், இடுப்பை ஆட்டுவான், காலைப் பந்துக்கு மேல் சுற்றுவான். பந்து நகரும்வரை இதெல்லாம் வெறும் நடனம். நீங்கள் பின்னால் போய்க்கொண்டே இருங்கள். அவன் பந்தைக் கொஞ்சம் பெரிதாகத் தள்ளுகிற ஒரு டச் வரும். அப்போது போங்கள். வராவிட்டால், அதற்குள் உங்கள் இன்னொரு ஆள் வந்து சேர்ந்திருப்பான்.

கூட ஆடும் ஸ்டாப்பரோடு ஒரே கோட்டில் நின்று இருவரும் ஒரே ஆளைப் பிடிக்கப் போவதும் அடிக்கடி நடக்கிறது. ஒருவர் போனால் மற்றவர் நாலைந்து அடி பின்னே, சற்று உள்ளே தள்ளி நிற்க வேண்டும். யார் போவது என்பதைக் கத்திச் சொல்லுங்கள்.

பேக்குகள் நிற்கும் லைன் எப்போது மேலே ஏற வேண்டும், எப்போது இறங்க வேண்டும்?

பந்து வைத்திருப்பவனைப் பாருங்கள். அவனை யாராவது நெருக்குகிறார்களா? நெருக்கினால் அவனால் தலை தூக்கி லாங் பாஸ் போட முடியாது, நீங்கள் மேலே நிற்கலாம். யாரும் நெருக்கவில்லை, தலை நிமிர்ந்திருக்கிறது, காலைப் பின்னால் இழுக்கிறான் என்றால் பந்து கிளம்பும் முன்பே நாலு அடி இறங்கிவிடுங்கள். அவர்கள் பந்தைப் பின்னால் பாஸ் செய்யும்போது மொத்த லைனும் ஏறலாம். இந்த மூன்றையும் நாலு பேரும் ஒன்றாகச் செய்தால் ஆஃப்சைடு (பாஸ் கிளம்பும்போது எதிராளி கடைசி பேக்கைத் தாண்டி நிற்கும் தப்பு) தானாக விழும். கையைத் தூக்கி லைன்ஸ்மேனைப் பார்த்துக்கொண்டு நிற்பது டிஃபன்ஸ் ஆகாது.

"ஸ்டாப்பர்" என்ற பெயர் எங்கிருந்து வந்தது? 5-ம் நம்பர் ஏன் பேக்குக்கு?

1925 வரை ஆஃப்சைடு ஆகாமலிருக்க எதிரணியில் மூன்று பேராவது உங்களுக்கும் கோட்டுக்கும் நடுவே இருக்க வேண்டும். அந்த வருடம் அதை இரண்டாகக் குறைத்தார்கள். கோல்கள் குவிந்தன. அதுவரை 2-3-5 (இரண்டு பேக், மூன்று ஹாஃப், ஐந்து ஃபார்வர்டு) என்ற வரிசையில் நடுவில் நின்று ஆட்டத்தை நடத்தியவர் செண்டர் ஹாஃப். ஆர்சனல் மேனேஜர் ஹெர்பர்ட் சாப்மன் அவரை இழுத்து இரண்டு பேக்குகளுக்கும் நடுவே நிறுத்தினார். அவருக்கு இனி ஒரே வேலை, எதிரணி செண்டர் ஃபார்வர்டை நிறுத்துவது. அதனால் ஸ்டாப்பர். பழைய வரிசையில் எண்ணிக்கொண்டு வந்தால் நடு ஹாஃபுக்கு 5 வரும். சட்டையில் எண் வந்தது ஆள் பின்னே போன பிறகுதான், ஆனாலும் பழைய வரிசைப்படி 5 அவருக்கே போனது. இங்கிலாந்தில் இன்றும் பல பேர் நடு பேக்கை "செண்டர் ஹாஃப்" என்றே சொல்வது இதனால்தான்.

சைடு பேக் எப்போது முன்னே ஓட வேண்டும்?

உங்கள் விங்கர் பந்தோடு உள்ளே திரும்பும்போது. அவன் உள்ளே போனால் அவனைப் பிடிக்கும் ஆளும் உள்ளே போவான், வெளிக்கோட்டு ஓரம் காலியாகும். அவன் ஓரத்திலேயே நிற்கும்போது நீங்களும் ஓடினால் ஒரே இடத்தில் இரண்டு பேர் முட்டிக்கொள்வீர்கள்.

ஓடும் முன் உங்கள் டீமின் மறுபக்க சைடு பேக் எங்கே என்று ஒரு பார்வை. அவரும் ஏறியிருந்தால் நீங்கள் நில்லுங்கள். பந்து அந்தப் பக்கம் இருக்கும்போது நீங்கள் உங்கள் ஓரத்திலேயே காவல் காக்க வேண்டியதில்லை. உள்ளே வந்து ஸ்டாப்பருக்கு அருகில் நில்லுங்கள். 68 மீட்டர் அகல மைதானத்தில் எதிர் ஓரத்திலிருந்து பந்து பறந்து வர நேரமாகும். அதற்குள் திரும்பி ஓடிவிடலாம்.

மிட்ஃபீல்டில் பந்து வாங்கியதும் உடனே பறிகொடுக்கிறேன். ஃபர்ஸ்ட் டச் மோசமோ?

டச் மோசமாகவும் இருக்கலாம். ஆனால் நான் பார்த்தவரை பத்தில் ஏழெட்டுப் பேருக்குப் பிரச்சினை பந்து வருவதற்கு முன்பே தொடங்குகிறது. பந்தையே பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். பந்து காலுக்கு வந்த பிறகுதான் சுற்றிப் பார்க்கிறார்கள், அப்போது முதுகில் ஆள் இருக்கிறான்.

பார்சிலோனாவில் ஆடிய சாவியின் பழைய ஆட்டம் ஒன்றை எடுத்து, பந்தை மறந்துவிட்டு அவரை மட்டும் ஐந்து நிமிடம் பாருங்கள். கழுத்து சும்மாவே இருக்காது. இடது தோளுக்கு மேல், வலது தோளுக்கு மேல் என்று திரும்பிக்கொண்டே இருக்கும். பந்து வரும்போது அவருக்கு ஏற்கெனவே பதில் தெரியும்.

நீங்கள் செய்ய வேண்டியது: பந்து ஒருவன் காலிலிருந்து கிளம்பி இன்னொருவனை நோக்கிப் போகிறதே, அந்த நேரத்தில் பின்னால் பாருங்கள். யாரும் அப்போது அதைத் தொட முடியாது, நீங்கள் எதையும் தவறவிட மாட்டீர்கள். உங்களுக்கே பாஸ் வரும்போது கடைசியாக ஒரு முறை. அப்புறம் நிற்கும் விதம். பாஸ் கொடுப்பவனுக்கு நேராக நின்றால் அவனைத் தவிர எதுவும் தெரியாது. பாதி திரும்பி நின்று, பந்து வரும் பக்கத்துக்குத் தூரமாக உள்ள காலால் வாங்குங்கள். அந்த ஒரு டச்சிலேயே முகம் எதிர் கோல் பக்கம் திரும்பிவிடும்.

வீட்டில் பழக ஒரு வழி: சுவரில் பந்தை அடித்துத் திரும்பி வருவதற்குள் உங்களுக்குப் பின்னால் நிற்கும் தம்பியோ தங்கையோ எத்தனை விரல் காட்டுகிறார் என்று சொல்ல வேண்டும். முதல் நாள் எரிச்சலாக இருக்கும்.

டிஃபன்சிவ் மிட்ஃபீல்டர் என்றால் ஆளை மோதிப் பந்தைப் பிடுங்குபவர்தானே?

அப்படித்தான் நம் ஊரில் முரட்டு ஆளைத் தேடி நிறுத்துகிறார்கள். கிளோட் மகலேலேயைப் பாருங்கள், 2003-ல் ரியல் மாட்ரிட்டிலிருந்து செல்சீக்குப் போனவர். முரட்டு உடம்பே கிடையாது. செர்ஜியோ புஸ்கெட்ஸ் இன்னும் ஒல்லி, ஓட்டமும் மந்தம்தான். இருவரும் ஸ்டாப்பர்களுக்கு முன்னால் இருக்கும் அந்தப் பத்து பதினைந்து மீட்டரைக் காலியாக விடமாட்டார்கள், அவ்வளவுதான் ரகசியம். உங்கள் ஆட்கள் எல்லோரும் தாக்கப் போகும்போது நீங்கள் போகாமல் இருப்பதுதான் இந்த வேலையில் கஷ்டமான பகுதி. பந்து எதிர் பாக்ஸில் இருக்கும்போதே "இப்போது பறிபோனால் முதல் பாஸ் யாருக்குப் போகும்?" என்று தேடி, அவன் பக்கத்தில் போய் நில்லுங்கள்.

வலது காலால் அடிப்பவன் இடது விங் ஆடலாமா?

ஆடலாம். கோடு வரை ஓடி கிராஸ் போடுவது வேலை என்றால் இடது கால்காரன் நல்லது. உள்ளே வெட்டி வந்து ஷாட் அடிக்க வேண்டும் என்றால் எதிர்க்கால்காரன். அர்யென் ராபன் வலது விங்கில் நின்று இடது காலுக்கு வெட்டுவார் என்று மைதானத்தில் இருக்கும் எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் தடுக்க முடியவில்லை, ஏனென்றால் எப்போது வெட்டுவார் என்பது தெரியாது. நம் சென்னைப் பையன் நந்தகுமார் சேகர் 2023 டூரண்ட் கோப்பையில் ஈஸ்ட் பெங்காலுக்காக மோகன் பகானுக்கு எதிராக அடித்தாரே, அந்த ஒரே கோலும் உள்ளே வெட்டி அடித்ததுதான். ஆட்டம் 1-0.

ஸ்ட்ரைக்கர் நான். ஆட்டம் முழுக்க எனக்குப் பந்தே வருவதில்லை.

கோபம் புரிகிறது. ஆனால் எங்கே நிற்கிறீர்கள்? ஸ்டாப்பருக்கு முன்னால், அவன் கண்ணெதிரே நின்றால் அவனுக்குப் பந்தையும் உங்களையும் ஒரே பார்வையில் பார்க்க முடிகிறது. அவனுக்குச் சுகமான வேலை. அவன் முதுகுப் பக்கம், தோளுக்குப் பின்னால் நில்லுங்கள். பந்தைப் பார்க்க வேண்டுமானால் உங்களை விட வேண்டும், உங்களைப் பார்க்க வேண்டுமானால் பந்தை விட வேண்டும்.

அடுத்து, வேண்டிய இடத்துக்கு நேராகப் போகாதீர்கள். காலில் பந்து வேண்டும் என்றால் முதலில் இரண்டு அடி கோல் பக்கம் ஓடி, அவனையும் இழுத்து, சட்டென்று திரும்பி வாருங்கள். பின்னால் பந்து வேண்டும் என்றால் முதலில் பந்தை நோக்கி வந்து, அவன் ஒட்டி வந்ததும் திரும்பி ஓடுங்கள். நேர்கோட்டில் ஓடினால் ஆஃப்சைடு. லைனுக்கு இணையாகக் கொஞ்ச தூரம் ஓடி, பாஸ் கிளம்பும்போது வளைந்து உள்ளே போங்கள்.

ஜெர்மனியின் தாமஸ் முல்லர் தன்னை "ராவும்டாய்ட்டர்" என்று சொல்லிக்கொண்டவர். இடத்தைப் படித்துப் பொருள் சொல்பவர் என்று வைத்துக்கொள்ளலாம். மின்னல் வேகமோ வித்தை காட்டும் காலோ அவருக்குக் கிடையாது. பந்து விழப்போகும் இடத்தில் ஒரு நொடி முன்னே இருப்பார். அதை நாமும் பழகலாம். வேறு யாராவது ஷாட் அடித்தால் கையைத் தலையில் வைக்காமல் கீப்பரை நோக்கி ஓடுங்கள். பத்து முறை ஓடினால் ஒரு முறை பந்து தெறித்து வரும்.

ஒரு இலவசம்: த்ரோ, கோல் கிக், கார்னர் மூன்றிலிருந்தும் நேராக வரும் பந்துக்கு ஆஃப்சைடு கிடையாது. நம் டீம் த்ரோ போடும்போது ஸ்டாப்பர்களுக்குப் பின்னாலேயே போய் நிற்கலாம். பாதிப்பேர் இதை மறந்துவிடுகிறார்கள்.

கோச் என் பொசிஷனை மாற்றிவிட்டார். என்னைப் பிடிக்கவில்லையோ?

அப்படியும் இருக்கலாம், கோச்சும் மனிதர்தானே. ஆனால் தியரி ஆன்ரி யுவென்டஸில் விங் ஆடியவர். 1999-ல் ஆர்சனலுக்கு வந்தபின் மேனேஜர் வெங்கர் அவரை நடு ஃபார்வர்டாக்கினார். கேரத் பேல் லெஃப்ட் பேக்காகத் தொடங்கி விங்கரானார். மிட்ஃபீல்டரான மஸ்செரானோ பார்சிலோனாவில் ஸ்டாப்பர் ஆனார். கன்னியாகுமரிக் கடற்கரையிலிருந்து வந்த மைக்கேல் சூசைராஜ் தாக்கும் மிட்ஃபீல்டர். கொல்கத்தா அணியான ஏடிகே 2019-20 ஐஎஸ்எல் (இந்தியன் சூப்பர் லீக்) கோப்பையை வென்ற சீசனில் அவரை இடது விங் பேக்காக ஆட வைத்தார்கள்.

முதல் இரண்டு மூன்று ஆட்டங்கள் கேவலமாகத்தான் இருக்கும். பழைய இடத்தின் பழக்கம் காலை இழுக்கும். விங்கிலிருந்து பேக்குக்கு வந்தவன் பந்தை வைத்து ஒரு ஆளை ஏமாற்றப் பார்ப்பான். விங்கில் அது தோற்றால் த்ரோ, பேக்கில் தோற்றால் கோல். ஆனால் அந்த விங்கருக்கு ஒரு லாபமும் உண்டு. எதிர் விங்கர் அடுத்து என்ன செய்வான் என்பது அவனுக்குத் தெரியும், அதையே அவன் ஐந்து வருடம் செய்திருக்கிறான்.

என் பையனுக்கு 9 வயது. எந்தப் பொசிஷனில் பழக்கட்டும்?

எல்லாவற்றிலும். பன்னிரண்டு, பதின்மூன்று வயதுவரை முத்திரை குத்தாதீர்கள் என்பது என் கருத்து. கொஞ்சம் உயரமான பையனைப் பேக்கில் போட்டு "தூக்கி அடி" என்று மட்டும் பழக்கினால், பதினாறில் மற்றவர்களும் உயர்ந்த பிறகு அவனுக்குத் தூக்கி அடிக்க மட்டும்தான் தெரிந்திருக்கும்.

டர்ஃபில் நன்றாக ஆடுகிறேன், பெரிய கிரவுண்டில் காணாமல் போகிறேன். ஏன்?

டர்ஃபில் பெரும்பாலும் ஆஃப்சைடு கிடையாது. பல இடங்களில் வலையில் பட்ட பந்து உள்ளேயே திரும்பும். எங்கே நின்றாலும் பந்துக்குப் பக்கத்தில்தான் இருப்பீர்கள். அதனால் டச் நன்றாக வளரும், நெருக்கத்தில் பாஸ் பழகும். வளராதது தூரக் கணக்கு. 105 மீட்டர் நீளத்தில் பந்து 40 மீட்டர் தள்ளி இருக்கும்போது எங்கே நிற்பது என்று டர்ஃப் கற்றுத்தராது. அப்புறம் எல்லோரும் பந்தை நோக்கி ஓடும் பழக்கம். பெரிய கிரவுண்டில் முதல் சில வாரம், பந்து எங்கிருந்தாலும் உங்கள் இரண்டு பக்கத்து ஆட்களோடு உள்ள இடைவெளியை மட்டும் பார்த்து நகருங்கள்.

எங்கள் டீமில் எல்லோருக்கும் ஃபார்வர்டு வேண்டும், கீப்பர் நிற்க ஆளே இல்லை. என்ன செய்வது?

நட்பு ஆட்டம் என்றால் சீட்டு எழுதிப் போட்டு, ஆளுக்கு 15 நிமிடம் என்று மாற்றுங்கள். டோர்னமென்ட் என்றால் அது சரிப்படாது, மாதக்கணக்கில் ஒருவரையே பழக்க வேண்டும். ஒரு ஜோடி நல்ல க்ளவுஸ் டீம் பணத்தில் வாங்கிவிடுங்கள். வெறுங்கையோடு போய் நில் என்றால் எவன் நிற்பான்?